அம்பிசிலின் தட்டில வாற குட்டிக் கொலனிய எண்ணாதீங்க!

மட்டக்களப்பில இருந்து வணக்கம் மக்காள்! பக்டீரியாவக் கொல்லுற அம்பிசிலின் மருந்து கலந்த ஏகார்க் களித் தட்டு இது, கெமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறன், பாருங்க. நடுவில குண்டா ஒரு கொலனி, அதாவது ஒரு பக்டீரியா பெருகின குவியல். அதச் சுத்தி ஊசிமுனை மாதிரிப் பொடிப்பொடியா ஒரு வளையம். இந்தப் பொடியையும் சேர்த்தெண்ணி "இவ்வளவுக்கும் பிளாஸ்மிட் போயிட்டு" எண்டு எழுதுறதக் கண்டா எனக்குக் கெட்ட கோவம் வரும். பிளாஸ்மிட் எண்டா, பக்டீரியாவுக்குள்ள குரோமோசோமுக்குப் புறம்பா இருக்கிற வட்ட டி.என்.ஏ.

போன வீடியோவில, பிளாஸ்மிட் ஒண்டில இருந்து மற்றதுக்குப் போகட்டும் எண்டு கலந்த அதே ரெண்டு பக்டீரியாதான். குடுக்கிற ஈ. கோலையில ஆர்.பி.4 பிளாஸ்மிட், கிட்டத்தட்ட 60,000 மூலச் சோடி. அம்பிசிலின், கனமைசின், டெட்ராசைக்ளின் மூண்டுக்கும் எதிர்ப்பு அதிலயே இருக்கு. வாங்கிற ஈ. கோலைக்கு நலிடிக்சிக் அமில எதிர்ப்பு, அது குரோமோசோமில.

அந்தக் குண்டுக் கொலனி பீட்டா-லக்டமேஸ் எண்ட நொதியத்தச் செய்யுது. அது கலத்துக்கு வெளியயும் கசிஞ்சு, பக்கத்து ஏகாரில உள்ள அம்பிசிலின உடைச்சுப்போடும். மருந்து செத்த இடத்தில, பிளாஸ்மிட் கிடைக்காத வாங்கிகளும் முளைக்கும். வளையம் அதுதான். கனமைசினுக்கான நொதியம் அப்பிடியில்ல. கலத்துக்குள்ளயே நிண்டு மருந்தில பொஸ்பேற்ற ஒட்டும், வெளிய இருக்கிற மருந்து அப்பிடியே கிடக்கும். டெட்ராசைக்ளினுக்கு இருக்கிறது மருந்த வெளிய தள்ளுற பம்ப். ஒரே பிளாஸ்மிட், மூண்டு குணம்! எனக்கு இதில அவ்வளவு ஆசை.

ஏகார் 50 பாகைக்கு ஆறினாப் பிறகுதான் அம்பிசிலின் போடணும், மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம். 37 பாகையில 18 மணித்தியாலம், அதோட வெளிய எடுங்க. ரெண்டு நாள் விட்டா வளையம் வராம என்ன செய்யும்? அம்பிசிலினுக்குப் பதிலா கார்பெனிசிலின் எண்ட மருந்து போட்டாக் குறையும்தான், ஆனா விலை நல்லாக் கூட. அந்தக் காசக் குடுக்காதீங்க. புதுத் தட்டு ஊத்தி நேரத்துக்கு எடுத்தாலே காணும், அம்பிசிலினே போதும்.

ஆ, கலக்கிறதில ஒண்டச் சொல்ல மறந்திட்டன். ஆர்.பி.4 இன்ட பைலஸ், அதாவது ரெண்டு கலத்தையும் சேர்க்கிற மயிர் மாதிரி இழை, விறைப்பு, திரவத்தில போட்டுக் குலுக்கினா ஒட்டு விட்டிரும். வடிதாள் மேல ரெண்டையும் விட்டு, உறை ஊத்தின தயிர்ச் சட்டி மாதிரி அசைக்காம வைங்க. குடுக்கிற பக்டீரியா முளைக்காம இருக்கத் தட்டில போடுற நலிடிக்சிக் அமிலமும் வெறும் தண்ணியில கரையாது. சோடியம் ஐதரொட்சைட்டு துளித்துளியா விடணும். தட்டில மில்லிலீற்றருக்கு 30 மைக்கிரோகிராம்.

மறுகா, சந்தேகமான கொலனியப் பல்லுக்குச்சியால தொட்டு, கனமைசின் 50, நலிடிக்சிக் 30 ரெண்டும் உள்ள தட்டில குத்துங்க. குடுத்த பக்டீரியாவத் தனியாவும் வாங்கினதத் தனியாவும் அதே தட்டில ஓரமாக் குத்தி வைங்க, அது ரெண்டும் முளைக்கக் கூடாது. இந்தா என்ர தட்டு: குண்டன் முளைச்சிருக்கு, பொடி குத்தின இடம் வெறும் ஏகார்.