ஆயாவின் பிஸ்கட் டின்னில் ஒரு கேபிள்

வணக்கம். 2023இல் தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது, டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் கரண்ட் போனதும் ஆயா முதலில் தேடுவது மெழுகுவர்த்தியை அல்ல, மின்புத்தகம் படிக்கிற இ-ரீடரை. போன் பாதி சார்ஜில் திணறும், வைஃபை செத்துக் கிடக்கும், இது மட்டும் போன வாரம் போட்ட சார்ஜில் ஓடிக்கொண்டிருக்கும். இதன் மின்தாள் திரைக்கு, பக்கம் மாறும்போது மட்டும்தான் கரண்ட் வேண்டும், மாறிய எழுத்து அச்சடித்த தாள் மாதிரி அப்படியே நிற்கும். பழைய மாடல் என்பதால் உள்ளே விளக்கு இல்லை, அதற்கு ஒரு டார்ச்.

சரி, புத்தகம் அதற்குள் எப்படிப் போகிறது? 1998இல் அமெரிக்காவில் வந்த ராக்கெட் ஈபுக் என்ற இ-ரீடரை கம்ப்யூட்டரோடு கேபிள் போட்டு இணைக்க வேண்டும், அதே வருடம் வந்த சாஃப்ட்புக்கில் மோடம் உள்ளேயே இருந்தது, டெலிபோன் லைனில் சொருகினால் போதும். 2006இல் வந்த சோனி ரீடருக்கும் கேபிள்தான். 2007 நவம்பரில் 399 டாலருக்கு வந்த அமேசானின் கிண்டில்தான் அந்தக் கேபிளை அறுத்தது: செல்போன் சிக்னலிலேயே புத்தகம் இறங்கும், மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் பிறகு அமெரிக்காவில் பழைய 3ஜி செல்போன் கோபுரங்களை அணைத்தபோது, வைஃபை இல்லாத அந்த முதல் கிண்டில்களுக்கு மிஞ்சியது மறுபடியும் கேபிள்தான்!

எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அதுதான் வழி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நூலை இபப் என்ற மின்புத்தகக் கோப்பாக மாற்றி ஏற்றிக் கொடுத்தேன். ஆயா இரண்டு வரி பார்த்துவிட்டு, "என்னடா இது, பல்லு விழுந்த தமிழ்?" என்றார். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம். அந்தப் பழைய கருவிக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. பிடிஎஃப்பில் எழுத்துகள் கோத்தபடியே வரும், ஆனால் ஏ4 பக்கம் ஆறு அங்குலத் திரைக்குள் சுருங்கினால் கடுகு மாதிரி ஆகிவிடும். அப்புறம் நானே வேர்டில் பக்க அளவைத் திரைக்குத் தக்கபடி சிறிதாக்கி, எழுத்தை 18 பாயின்ட்டில் வைத்து, புதிதாக பிடிஎஃப் செய்து ஏற்றினேன். ஒரு நூலுக்கு ஒரு சனிக்கிழமை போனது.

இப்போது கடைக்காரர்களுக்குக் கேபிள் பிடிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி கேபிளில் ஏற்றுகிற வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. நம் சொந்தக் கோப்புகளுக்குத் தடையில்லை. ஆயா அந்தக் கேபிளை ஊசி நூல் வைக்கிற பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்திருக்கிறார், போன் சார்ஜ் போடக் கேட்டால்கூடத் தருவதில்லை.