வேர்ட்பிரஸ் தீமில் எழுதியவர் பெயரைச் சரியாகக் காட்டுவது எப்படி?

[திரையில்: கட்டுரைத் தலைப்பு. அதன் கீழே சிறிய எழுத்தில் 'அட்மின்']

வணக்கம். தலைப்புக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். ஒருவர் தூக்கம் விழித்து எழுதிய கட்டுரை. அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'அட்மின்' என்று இருக்கிறது. எனக்கு இது மனசுக்கு ஒப்பவே மாட்டேன் என்கிறது. சரி, மாற்றிவிடுவோம்.

வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில், தளத்தின் தோற்றத்தை முடிவு செய்வது தீம். பலர் எடுத்த எடுப்பிலேயே தீம் கோப்பைத் திறக்கிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

[திரையில்: டாஷ்போர்டில் பயனரின் புரொஃபைல் பக்கம்]

முதலில் புரொஃபைலுக்கு வாருங்கள். யூசர்நேமை இங்கே மாற்ற முடியாது. அதன் கீழே இருக்கும் நிக்நேம் கட்டத்தில், எழுதியவர் விரும்பும் பெயரைத் தமிழிலேயே தட்டுங்கள். அடுத்து, வெளியே எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்று கேட்கும் பட்டியலைத் திறந்தால், இப்போது தட்டிய பெயர் அதில் வந்திருக்கும். தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்.

பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டுமா? வேண்டாம். கட்டுரையோடு சேமிக்கப்படுவது எழுதியவரின் பெயர் இல்லை, அவருடைய கணக்கு எண். பக்கம் திறக்கும்போதுதான் அந்த எண்ணுக்குரிய பெயரை வேர்ட்பிரஸ் எடுத்து வருகிறது. அதனால் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே நேரத்தில் பெயர் மாறிவிடும். மாறவில்லையென்றால் கேஷை, அதாவது சேமித்து வைத்திருக்கும் பக்கத்தின் பழைய நகலை, அழித்துப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், உங்கள் தீம் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் தானாகவே ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

[திரையில்: சைல்டு தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பு]

தீமில் கைவைக்க வேண்டி வரும் ஓர் இடம் உண்டு: விருந்தினர் கட்டுரை. அவருக்குக் கணக்கு இல்லை, நீங்கள்தான் பதிவேற்றுகிறீர்கள். அந்தக் கட்டுரையில் மட்டும் ஒரு கஸ்டம் ஃபீல்டில், அதாவது கட்டுரையோடு கூடுதல் தகவலைச் சேமிக்கும் கட்டத்தில், அவர் பெயரை எழுதிவையுங்கள். அப்புறம் ஒரு ஃபில்டர், அதாவது பெயர் திரைக்கு வரும் முன் அதை மாற்றும் சிறு நிரல்: அந்த ஃபீல்டில் பெயர் இருந்தால் அதைக் காட்டு, இல்லையென்றால் வழக்கமான பெயரைக் காட்டு. அவ்வளவுதான். இதைச் சைல்டு தீமில், அதாவது மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் தனித் தீமில், எழுதுங்கள். மூலத் தீமில் எழுதினால் அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

பழைய பாணித் தீம்களில் பெரும்பாலும் 'தி ஆதர்' என்ற ஃபில்டரே போதும். பக்கத்தைப் பிளாக் என்ற துண்டுகளால் அமைக்கும் பிளாக் தீமில் அது வேலை செய்யாது. பெயரைக் காட்டும் பிளாக், டிஸ்ப்ளே நேமை, அதாவது புரொஃபைலில் தேர்ந்தெடுத்த பெயரை, நேராக எடுத்துக்கொள்கிறது. அங்கே 'கெட் தி ஆதர் டிஸ்ப்ளே நேம்' என்ற ஃபில்டரைப் பிடிக்க வேண்டும். இன்னொன்று: பெயர் மாறினாலும் அதிலுள்ள லிங்க் உங்கள் பக்கத்துக்கே போகும். விருந்தினரின் பெயரைத் தொட்டால் உங்கள் கட்டுரைகள் வருவது அவருக்கு நியாயமில்லை. அந்த இடத்தில் லிங்க்கை எடுத்துவிடுங்கள்.

பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் பெயரை மறைப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். அது கண்ணுக்கு மட்டும்தான் மறையும். பக்கத்தின் மூல நிரலில் பெயர் அப்படியே இருக்கும்.

[திரையில்: முகவரிப் பட்டை பெரிதாகத் தெரிகிறது]

கடைசியாக, லாக்-அவுட் செய்துவிட்டுப் பெயரைக் கிளிக் செய்யுங்கள். முகவரியின் வாலில் என்ன தெரிகிறது? பெரும்பாலும் அந்தப் பழைய யூசர்நேம்தான். காட்டும் பெயரை மாற்றியதால் அது மாறாது, புரொஃபைலில் அதற்கு இடமும் இல்லை. அதை மாற்றத் தனிப் பிளகின்கள், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் நிரல்கள், உண்டு. ஒன்றை நிறுவி, முகவரியிலும் அவர் பெயரையே வையுங்கள்.