ஏடிவி பெல்ட் எவ்வளவு நாள் வரும்? சேத்துல மாட்டுன ஒரு வண்டியை வச்சுப் பாக்கலாம்

[காட்சி: இறால் பண்ணைக் கரை. பின்சக்கரம் பாதி புதைந்த ஏடிவி, மேலே தீவன மூட்டைகள்.]

ஏடிவின்னா சேறு, மணல்ல ஓட்டுற தடிச் சக்கர நாலு சக்கர வண்டி; பலதுல இன்ஜின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டு போறது ஒரு ரப்பர் பெல்ட்டுதான். இது வேதாரண்யம் பக்கம் ஒரு இறால் பண்ணைங்க. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். வண்டியில நாலு மூட்டை தீவனம், ஓட்டுறது நம்ம மாப்பிள்ளை. "இன்னும் அமுத்து மாப்ள, வந்துரும்"னு பின்னாலேருந்து கத்துறது நான்தான். சத்தத்தைக் கூட்டிக் கேளுங்க, இன்ஜின் உறுமுது, சக்கரம் அசையவே இல்ல. இப்ப இடது பக்கம் பாருங்க, லேசா வெள்ளைப் புகை. ரப்பர் கருகுற வாசம் வீடியோவுல வராது, நீங்க தப்பிச்சீங்க.

அந்த பெல்ட்டு மாட்டி மூணு மாசம்கூட ஆகல.

[காட்சி: கடை மேசையில் இரண்டு பெல்ட்டுகள், ஒன்று ஸ்கூட்டருடையது, ஒன்று ஏடிவியுடையது.]

கடைக்கு வர்றவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். "ஏங்க, ஸ்கூட்டர் பெல்ட்டு 20,000, 25,000 கிலோமீட்டர் சாதாரணமா வருது. அதைவிட தடியா, விலையும் கூடுதலா இருக்குற ஏடிவி பெல்ட்டு ஏன் அதுல கால்வாசிகூட வரமாட்டேங்குது?" நியாயமான கேள்வி. ரப்பர்ல குறை இல்லைங்க. உள்ள ஓடுற நூல் பல பெல்ட்டுல அராமிட், குண்டு துளைக்காத சட்டைக்குப் போடுற நூல் வகை. வித்தியாசம் கிளட்ச்சுல இருக்கு.

[காட்சி: திறந்த ஸ்கூட்டர் பக்கம், இன்ஜின் ஐடிலில்.]

ஸ்கூட்டர்ல முன்னால ஒரு புல்லி, பின்னால ஒரு புல்லி. ஐடில்லயே, அதாவது முறுக்காம இன்ஜின் சும்மா ஓடுறப்பவே, பெல்ட்டு சுத்திக்கிட்டு இருக்குது பாருங்க. பின்புல்லியோட சேர்ந்து கிளட்ச் ஷூ இருக்கு. நீங்க முறுக்குனா அந்த ஷூ விரிஞ்சு வெளிக் கிண்ணத்தைப் பிடிக்கும். கிளம்பும்போது வர்ற வழுக்கல், தேய்மானம் எல்லாம் ஷூ வாங்கிக்குது. பெல்ட்டுக்கு நோவு இல்ல.

[காட்சி: ஏடிவியின் இரண்டு புல்லிகள், நிதான ஓட்டத்தில்.]

பல ஏடிவியில அந்த ஷூவே கிடையாது. ஐடில்ல முன்புல்லி பெல்ட்டைத் தொடாம சும்மா சுத்தும். ஆக்சிலேட்டரை அமுத்துனா புல்லியோட ரெண்டு தட்டும் நெருங்கி வந்து பெல்ட்டைக் கவ்வும். அதாவது பெல்ட்டுதான் கிளட்ச். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அதோட விலாவுதான் தேயுது.

இப்ப மாப்பிள்ளை கதைக்கு வாங்க. சக்கரம் உளையில இறுகிருச்சு, அதனால பின்புல்லி நிக்குது, பெல்ட்டும் நிக்குது. முன்புல்லி மட்டும் கவ்விக்கிட்டே சுத்துது. எங்க தேய்க்கும்? ஒரே இடத்துல. சில நொடி போதும், அந்த இடம் மட்டும் உடுக்கை இடுப்பு மாதிரி ஒடுங்கிரும். அப்புறம் மெதுவா கிளம்புறப்போ எல்லாம் "தட்... தட்..."னு உதைக்கும். அந்த பெல்ட்டை இனி மாத்தத்தான் வேணும்.

[காட்சி: ஒடுங்கிய இடத்தில் வெர்னியர்.]

ஒரு கணக்கு சொல்றேன். வி-பெல்ட்டு வேலையில இருக்குறவங்க சொல்ற தோராயம் இது: பெல்ட்டோட சொந்தச் சூடு பத்து டிகிரி கூடுனா ஆயுசு பாதியாகும். பெல்ட்டு மூடிக்குள்ள காத்து வர ஒரு குழாய் இருக்குதே, அதுல நம்ம வண்டல் அப்பிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. குறுவைக்கு மேட்டூர் தண்ணி வந்ததும் வயல் வயலா தொளி ஓட்டுறோம், வண்டியும் அதே கரையிலதான் போகுது. வாரம் ஒரு தடவை அந்தக் குழாய் வாயைத் துடைக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா?

லோ கியரை, அதாவது மெதுவா போய் பலமா இழுக்குற கியரைப் பத்தி இங்க சொல்லியே ஆகணும். பாரம் ஏத்தி, பதினைஞ்சு கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ ஊர்ந்து போறதுன்னா லோவுல போடுங்க. இன்ஜின் சத்தம் கூடும், பயப்படாதீங்க. அந்தச் சத்தத்துலதான் புல்லி இறுக்கிப் பிடிக்குது, பெல்ட்டு மேல சுமையும் குறையுது. ஹையில போனா வண்டி அமைதியா இருக்கும், உள்ள பெல்ட்டு வெந்துக்கிட்டிருக்கும். நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேரு ஹையிலதான் ஓட்டுறாங்க, டீசல் டிராக்டர் ஓட்டுன பழக்கம்.

வாய்க்கால்ல இறக்கி உள்ள தண்ணி போயிருச்சுன்னா அடையாளம் வேற. இன்ஜின் எகிறும், வண்டி நகராது, ஆனா கருகுற வாசம் வராது. நியூட்ரல்ல போட்டு விட்டு விட்டு முறுக்குனா புல்லி தண்ணியை உதறிரும். பல வண்டியில மூடிக்கு அடியில தண்ணி இறக்க ஒரு அடைப்பானும் உண்டு.

எல்லா ஏடிவியும் இப்படித்தான்னு நினைச்சுக்காதீங்க. ஹோண்டாவுல பெரும்பாலும் கியர்தான், பெல்ட்டே கிடையாது. யமஹாவோட அல்ட்ராமாட்டிக்ல கிளட்ச் தனியா இருக்கு, பெல்ட்டு எப்பவும் இறுக்கத்துலயே இருக்கும், ஏறக்குறைய ஸ்கூட்டர் மாதிரி. வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேட்டு வச்சுக்கிறது நல்லது.

சரி, எத்தனை கிலோமீட்டர்? பொறுமையா ஓட்டுனா சில ஆயிரம் வரும், 5,000 தாண்டுறதும் உண்டு. ஆனா கரையில ஊர்ந்து போற வண்டிக்கு கிலோமீட்டர் பொய் சொல்லும், டிராக்டருக்குப் பாக்குற மாதிரி மணிக் கணக்கைப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழட்டி அகலத்தை அளங்க, வண்டிப் புத்தகத்துல எல்லை போட்டிருக்கும். கழட்டுறப்போ சுத்துற திசையைச் சாக்பீஸ்ல குறிச்சுக்குங்க, திருப்பி மாட்டிராதீங்க. புதுசு போட்டா முதல் எண்பது கிலோமீட்டர் பாரமும் வேண்டாம், அமுத்தவும் வேண்டாம்.

[காட்சி: அதே கரை, அதே வண்டி. மூட்டைகள் தரையில்.]

இது போன வாரம் எடுத்தது. மறுபடியும் மாட்டிக்கிட்டான். இந்தத் தடவை மூட்டையை இறக்கி வச்சு, லோவுல போட்டு, நான் பின்னால தள்ளுறேன். சீட்டுக்கு அடியில ஸ்பேர் பெல்ட்டு ஒண்ணு இருக்கு, இன்னும் கவரைப் பிரிக்கல.