இடது விலாவுக்குக் கீழே குத்துதா? சோடா பாட்டிலைத் திறக்குறதுக்கு முன்னாடி

(திரையில்: கடலூர் முதுநகர், மீன் இறங்குதளம், விடியற்காலை)

துறைமுகத்துல ஐஸ் பெட்டி தூக்குற ஒருத்தரை நினைச்சுக்குங்க. வயசு 50. திடீர்னு இடது விலாவுக்கு அடியில சுருக்குனு பிடிக்குது. மூச்சை இழுத்தா குத்துது, குமட்டுது. "கேஸா இருக்கும்ண்ணே, ஒரு சோடா குடிங்க"ன்னு பக்கத்துல இருக்கிறவர் சொல்வார். வீட்டுக்குப் போனா, "சுளுக்குதாங்க, எண்ணெய் போட்டு நீவி விடட்டுமா?"

பல பேருக்கு அது சரியாவும் இருக்கும். ஆனா இவருக்குச் சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டிருக்கு. நாடி தாறுமாறா ஓடும். ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த வார்ஃபரின் மாத்திரை தீர்ந்து ரெண்டு வாரமாச்சு, போய் வாங்கல. இவருக்கு அந்த வலி, மண்ணீரலுக்குப் போற ரத்தம் அடைபட்டதால வந்ததா இருக்கலாம்.

(திரையில்: மண்ணீரல் படம்)

மண்ணீரல் கைமுட்டி அளவுதான். 9-லேருந்து 11-வது விலா எலும்பு வரைக்கும் அதுக்கு மறைப்பு. ஒழுங்கா துடிக்காத இதய அறையில ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அதுலேருந்து ஒரு துணுக்கு கழண்டு ஓடி, மண்ணீரலுக்குப் போற ரத்தக்குழாயோட கிளை ஒண்ணுல போய்ச் சிக்கிக்கும். ஒரே வாய்க்காலை நம்பி இருக்கிற வயல் மாதிரி, அந்தக் கிளையை நம்பின பகுதி ரத்தமில்லாம செத்துப்போகும். சாயம் ஏத்தி சி.டி. எடுத்தா, தர்பூசணிக் கீத்து மாதிரி அந்த இடம் மட்டும் கறுப்பா தெரியும். ஆரம்பத்துல வயித்து ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாமலும் போகலாம். "ஸ்கேன் நார்மல்"னு கேட்டு வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க.

சிலருக்கு இடது தோள்லயும் வலிக்கும். மண்ணீரலுக்கு மேல இருக்கிற உதரவிதானத்தோட (மூச்சு விட உதவுற தசை) நரம்பு கழுத்துலேருந்து வர்றதுதான் காரணம். மாரடைப்புக்கும் அங்கதான் வலிக்குங்கிறதால முதல்ல ஈ.சி.ஜி. எடுத்துடுவாங்க.

இதய வால்வுல கிருமித்தொற்று, அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு போறது), மண்ணீரலை வீங்க வைக்கிற ரத்தப் புற்றுநோய், மலேரியா, இதுலயும் இந்த அடைப்பு வரும்.

வைத்தியம்னா உடனே ஆபரேஷன்னு பயப்பட வேணாம். பெரும்பாலும் தேவைப்படாது. வலிக்கு மருந்து, தேவைன்னா டிரிப்ஸ். அசல் வேலை, ரத்தக்கட்டி எங்கேருந்து வந்துச்சுன்னு தேடுறது. அதுக்குத்தான் எக்கோங்கிற இதய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. வலி சில நாள்லேருந்து ரெண்டு வாரத்துக்குள்ள பொதுவா அடங்கிடும். உள்ளே சீழ் பிடிச்சாலோ, மண்ணீரல் கிழிஞ்சாலோதான் கத்தி. மண்ணீரலை எடுத்துட்டா நிமோகாக்கஸ் மாதிரி கிருமிகளுக்குத் தடுப்பூசி கட்டாயம்.

(திரையில்: எண்ணெய்க் கிண்ணம், மேலே சிவப்புப் பெருக்கல் குறி)

நீவி விடுறதை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க, வீங்கின மண்ணீரல் கிழிஞ்சிடலாம். வார்ஃபரின் சாப்பிடுறவங்க கடையில டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போட்டா ரத்தக்கசிவு வரலாம். வலியோட மயக்கம், குளிர் காய்ச்சல், வயிறு கல்லாட்டம் இறுகுறது, இதுல எது வந்தாலும் 108.

மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோ, எங்க போனாலும் மாத்திரை அட்டையும் கடைசி ஐ.என்.ஆர். (ரத்தம் உறையுற வேகத்தைப் பாக்குற டெஸ்ட்) சீட்டும் சட்டைப்பையில இருக்கட்டும். "வயித்து வலி சார்"னு ஆரம்பிக்காதீங்க. "வால்வு பிரச்சினை இருக்கு சார், ரெண்டு வாரமா மாத்திரை போடல, இப்போ இடதுபக்கம் வலிக்குது"ன்னு சொல்லுங்க.