இரண்டாவது கத்தி

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கத்தி சேர்ப்பவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன் வரிசையில் இருக்கும் சில தாய்மாரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. இந்த நாட்டில் கத்தி என்ற சொல் பத்திரிகையில் எந்த மாதிரிச் செய்தியோடு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர்களில் சண்டைக்கு ஆசைப்பட்டு இதற்குள் வந்தவர் ஒருவரும் இல்லை. அவர்கள் வந்த வழிகள் வேறு.

முதல் கத்தியை யாரும் சேர்ப்பதற்காக வைத்திருப்பதில்லை. தேங்காய்க்கோ மீனுக்கோ ஓலைக்கோ பென்சிலுக்கோ அது வீட்டுக்குள் வருகிறது. ஆர்வம் பிறப்பது இரண்டாவது கத்தியில்தான். ஒன்று கையில் இருக்கும்போதே இன்னொன்றைப் பார்த்து, "இது ஏன் அதைப் போல இல்லை?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் ஆட்களுக்கு மிகவும் பழக்கமான வழி, வீட்டில் மிஞ்சிய கத்தி. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டபோது சனம் எதைத் தூக்கிக்கொண்டு போனது? காணி உறுதி, பிறப்புப் பத்திரம், நகை, கொஞ்ச அரிசி, ஒரு பானை, ஒரு கத்தி. விறகு கொத்தவும் தேங்காய் உடைக்கவும் தடி வெட்டவும் அது வேண்டியிருந்தது. அப்படிப் புறப்பட்ட கத்திகள் பல ஊர் சுற்றி, கடைசியில் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் பிளாட் குசினிகளின் லாச்சிக்குள் வந்து கிடக்கின்றன. புதுக் கத்தி வாங்கிய பிறகும் அதை எறிய மனம் வராது.

எங்கள் வீட்டில் அப்படி இருப்பது அம்மம்மாவின் காம்புச் சத்தகம். மேசையில் வைத்திருக்கிறேன், பிறகு வந்து பாருங்கள். அலகும் காம்பும் ஒரே இரும்பில் அடித்தது. அலகு சின்னது, லேசான வளைவு. காம்பு நுனிக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகிறது. அலகால் பனை ஓலையை வாருவார்கள். பெட்டி இழைக்கும்போது காம்பு நுனியால் இழையை நெம்பி, அந்த இடைவெளிக்குள் அடுத்த ஓலையைச் செருகுவார்கள். கையிலிருந்து கீழே வைக்காமலே இரண்டு வேலையும் முடியும். அலகின் நடுப்பகுதி தேய்ந்து ஒடுங்கியிருப்பதையும் கவனியுங்கள். கல்லில் தீட்டித் தீட்டி வந்த ஒடுக்கம் அது. இதைச் செய்த கொல்லருக்கு ஓலை வேலை தெரிந்திருக்க வேண்டும், அல்லது ஓலை வேலை தெரிந்த ஒரு பெண் அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். கடையில் வாங்கிய கத்தியைப் பார்த்து எனக்கு இந்த யோசனை வந்ததில்லை.

அடுத்தது சுவிஸ் மாமா கொண்டு வந்த கத்தி. சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. எண்பதுகளிலிருந்து எங்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்த நாட்டுக்குப் போனார்கள். லீவில் வரும்போது சொக்லேட் பெட்டியோடு வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புக் கத்தி ஒன்றும் வரும். எனக்குத் தெரிந்த இளம் சேகரிப்பாளர்களில் பாதிப் பேருக்கு ஆரம்பம் அதுதான்.

அந்தக் கத்தியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்ல் எல்செனர் 1884இல் ஷ்விட்ஸ் மாநிலத்து இபாக்கில் கத்திப் பட்டறை தொடங்கியவர். அந்தக் காலத்தில் சுவிஸ் இராணுவத்துக்கு ஒரு கத்தி தேவைப்பட்டது. சிப்பாய் சாப்பாட்டுத் தகரத்தை வெட்ட வேண்டும், புதுத் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஸ்குரூ டிரைவரும் வேண்டும். அவ்வளவு கத்தியைச் சொந்த நாட்டில் செய்து கொடுக்க வசதி இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தது. எல்செனர் 1891இல் அந்த வேலையைச் சுவிஸ் கைக்கு எடுத்தார். சோலிங்கன் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடனில் மூழ்கப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. சிப்பாய்க் கத்தி கனமாக இருக்கிறது என்று இன்னும் மெல்லிய ஒன்றை யோசித்தார். முதுகில் இருக்கும் வில்லின், அதாவது ஸ்பிரிங்கின், இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தினால் இரண்டே வில்லில் ஆறு கருவியை நிறுத்தலாம் என்று கண்டுபிடித்தார். 1897இல் பதிவு செய்த அந்த அதிகாரிக் கத்திதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சிவப்புக் கத்தி. 1909இல் தாய் விக்டோரியா இறந்ததும் அவர் பெயரைத் தொழிலுக்கு வைத்தார். பிரெஞ்சில் 'இனொக்ஸ்' என்று சொல்லும் துருப்பிடிக்காத எஃகு வந்தபின் 1921இல் அந்தப் பெயர் விக்டோரினொக்ஸ் ஆனது.

ஆனால் ஒரு பையனை இந்த வரலாறு இழுப்பதில்லை. மாமாவின் கத்தியை வைத்திருக்கும் பையன் ஒருநாள் புறக்கோட்டை நடைபாதையில் அதே சிவப்பில், அதே மாதிரிச் சிலுவையோடு இன்னொன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்குகிறான். வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திறக்கிறான். ஒன்றின் அலகு பிடித்தால் பக்கவாட்டில் ஆடுகிறது. மற்றது அசைவில்லாமல் நிற்கிறது, மூடும்போது கடைசி அரை அங்குலத்தில் தானாகவே இழுத்துக்கொண்டு "டக்" என்று அமர்கிறது. ஏன்? வில்லா, ஆணியா, எஃகா, செய்த கையா? இந்த வித்தியாசம் காதில் விழுந்த பையனை இனித் தடுப்பது கஷ்டம். பெற்றோர் தடுக்கவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தீட்டச் சொல்லிக் கொடுங்கள். வெட்டுகிற திசையில் தன் கையும் அடுத்தவர் கையும் இருக்கக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கும்போது பிடியை நீட்ட வேண்டும், தெருச் சந்திக்கும் பாடசாலைக்கும் கொண்டுபோகவே கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லுங்கள்.

இனி, இந்த ஊரிலேயே பிறந்த ஒரு பெரிய மனிதரிடம் வருகிறேன். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். எங்கள் தேசிய அருங்காட்சியகம் திறந்ததும் அதே ஆண்டில்தான். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. படித்தது நிலவியல். 1903இலிருந்து இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார். கல்லும் கனிமமும் பார்க்கக் கிராமம் கிராமமாகப் போனவர், அங்கே கைவினைஞர்களைக் கண்டார். பட்டறைகளில் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு வடிவத்தையும் குறித்துக்கொண்டார். 1908இல் கண்டிக் கலைகளைப் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூல் அப்படிப் பிறந்தது. பிறகு அவர் சேர்த்த இந்தியக் கலைப்பொருட்கள் 1917இல் பொஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போயின, அவரும் அங்கே போனார். கல்லைத் தேடிப் போனவர் கலையோடு திரும்பியதை நினைக்க எனக்கு இன்றும் உற்சாகமாக இருக்கிறது. ஆர்வம் பெரும்பாலும் இப்படித்தான், வேறு வேலையாகப் போகும் வழியில் பிடித்துக்கொள்கிறது.

அவர் எழுதிய பொருட்களில் ஒன்று பிஹா கெத்த. கண்டி இராச்சியத்தின் கத்தி. அரசருக்கு வேலை செய்த பட்டல் ஹதர என்ற நான்கு பட்டறைகளைச் சேர்ந்தவர்கள் இதில் மிகச் சிறந்தவற்றைச் செய்தார்கள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டனிலும் இவற்றை வைத்திருக்கிறார்கள். ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்படாமல் பாருங்கள். அலகு ஒரு பக்கம் மட்டும் கூர், முதுகு தடிப்பு. பிடிக்குப் பக்கத்தில் அலகின் மேலேயே வெள்ளியும் பித்தளையும் பதித்துக் கொடி ஓடவிட்டிருப்பார்கள். பிடி கொம்பிலோ தந்தத்திலோ கருப்புப் பவளத்திலோ இருக்கும், அதன் முனை இலைபோலச் சுருண்டு கைக்குள் திரும்பும். உறை பெரும்பாலும் மரம், நீளவாட்டில் வரி வரியாகச் செதுக்கியது. பல உறைகளில் கத்தியோடு சேர்த்து ஒரு எழுத்தாணியும் செருகியிருப்பதை மட்டும் தவறவிட வேண்டாம்.

கத்தியும் எழுத்தாணியும் ஒரே உறையில்! எங்கள் பக்கத்திலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. ஏட்டில் எழுதிய தமிழ்ப் புலவர்கள் வைத்திருந்த மடக்கெழுத்தாணியில் ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். கத்தியால் ஓலையை நறுக்கிச் சீர்செய்து, எழுத்தாணியால் பாட்டை எழுதினார்கள். மடக்குக் கத்தி வெளிநாட்டுச் சாமான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். படித்தவர் இடுப்பில் கத்தி இருந்தது, எழுதுவதற்காக. தன்னைச் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு தமிழரும் ஒருமுறையாவது ஒரு மடக்கெழுத்தாணியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எஃகின் வழியாக வருபவர்களும் உண்டு. பொறியியல் படித்தவர்கள் அநேகமாக இந்த வழி. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் ஆராய்ந்த இரும்பு உலைகள் மலையின் மேற்குச் சரிவுகளில் இருந்தன. தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதும் இடம். துருத்தி ஊத ஆள் வைக்காமல், அந்தக் காற்றாலேயே உலையை எரித்தார்கள். காலம் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. ஜூலெஃப் குழு அப்படி ஒரு உலையைக் கட்டி எரித்தும் பார்த்து, 1996இல் ஆய்வை வெளியிட்டது. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்-கிந்தியும் சரந்தீப் எஃகை, அதாவது இலங்கை எஃகை, குறிப்பிடுகிறார். ஜூன் மாதத்தில் காலி முகத்திடலில் எங்கள் குடையைப் புரட்டுகிற அதே காற்று!

சமையலறை வழியாக வருபவர்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், நான் அதில் கெட்டிக்காரன் இல்லை. நன்றாகத் தீட்டிய கத்தியால் ஒருமுறை சின்ன வெங்காயம் அரிந்தவர் பழைய கத்திக்குத் திரும்புவதில்லை. பிறகு ஜப்பான் கத்தி தேடத் தொடங்கிவிடுவார்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வரிசையை முழுமையாக்கும் ஆசைக்குள் சீக்கிரம் விழ வேண்டாம். பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் தொடங்கிய மரப்பிடி மடக்குக் கத்தி அழகான சாமான், அளவுக்கு ஒரு இலக்கம் போட்டு வருகிறது. எட்டாம் இலக்கம் கையில் வந்ததும் ஆறும் பத்தும் வேண்டும் போல இருக்கும். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் எட்டாம் இலக்கத்தால் ஆறு மாதம் மாம்பழம் வெட்டிய பிறகு வாங்குங்கள். கார்பன் எஃகு அலகு பழச்சாறு பட்டு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறுவதைப் பார்த்தால், அது துரு இல்லை என்று உங்கள் கண்ணுக்கே பழகும்.

கொழும்பில் பெரிய எதிரி உப்புக்காற்று. தோல் உறைக்குள் கத்தியை வைத்து அலுமாரியில் பூட்டிவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகைத் தின்னவிடும். உறை வேறு, கத்தி வேறாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

பழைய கத்தி வாங்குகிறவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் என்று வருவதை அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. தந்தப்பிடி என்றால் நாடுகளுக்கிடையிலான வியாபாரத் தடையும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டு உறவினர் ஆசைப்பட்டுக் கேட்டாலும் பிஹா கெத்த ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். அது போனால் போனதுதான், திரும்பி வராது.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் வீட்டு லாச்சிக்குள் கிடப்பதைக் கொண்டு வாருங்கள். பாக்குவெட்டியும் சரி, பாளைக்கத்தியும் சரி. பிடி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, பத்திரிகைத் தாளில் நன்றாகச் சுற்றிப் பையின் அடியில் வைத்துக் கொண்டு வாருங்கள். அதற்கு முன் உப்புத்தாளால் உரைத்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். கொல்லரின் குறி ஏதாவது இருந்தால் அது பிடிக்குப் பக்கத்தில், அந்தக் கறுப்புக்கு அடியில்தான் இருக்கும். யாரிடமிருந்து வந்தது, என்ன வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. இப்போது மேசைப் பக்கம் வரலாம். ஒவ்வொருவராக வாருங்கள், கையில் எடுத்துப் பாருங்கள்.