கல்யாணத்துக்குப் பல்லில் கல் வைக்கலாமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். நாள் குறித்த விஷயம் என்பதால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்:

"டாக்டர் அக்கா, கங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த இரண்டாவது வாரம் எனக்குக் கல்யாணம். மேல் வரிசையில் கோரைப்பல்லுக்கு முந்தின பல்லில் சின்னதாக ஒரு கல் வைக்க ஆசை. பல்லைத் துளைத்துத்தான் வைப்பார்கள், பிறகு அந்தப் பல் செத்துப்போகும் என்று அம்மா பயப்படுகிறார். என் தோழி ஆரி ஜாக்கெட்டில் வைக்கிற கல்லை வீட்டிலேயே பசை போட்டு ஒட்டிக்கொண்டாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் என்ன செய்வது? பாட்டியின் மூக்குத்தி வைரம் ஒன்று இருக்கிறது, அதையே வைக்க முடியுமா?"

சரி. முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்கிறேன். பல்லைத் துளைத்துக் கல் பதிப்பது உலகத்தில் இருந்த பழக்கம்தான். மத்திய அமெரிக்காவில் மாயா மக்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே முன்பல்லில் குழி போட்டுப் பச்சைக்கல் பதித்தார்கள். நம் பக்கத்திலும் தங்கப்பல் கட்டிய தாத்தா பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தங்கக் கவசம் போடப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர் பயப்படுவது இயல்பு. ஆனால் இன்று ஒரு பல் மருத்துவர் கல் வைத்தால் துளைப்பதும் இல்லை, ராவுவதும் இல்லை. மரத்துப்போகும் ஊசியும் தேவையில்லை.

கம்பி போடும்போது பல்லில் சின்னச் சின்னச் சதுரத் துண்டுகள் ஒட்டுவார்கள் அல்லவா, இதுவும் அதே வேலைதான். பல்லைச் சுத்தம் செய்து, எச்சில் படாமல் காயவைத்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலக் களிம்பை ஒரு புள்ளியாக 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவுவோம். அந்த இடம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அங்கே உருவாகியிருக்கும். மருத்துவப் பிசின் அந்தத் துளைகளுக்குள் இறங்கும். மேலே கல்லை வைத்து நீல ஒளி காட்டினால் சில விநாடிகளில் இறுகிவிடும். பல்லின் கடினமான மேல் உறையான எனாமலில் இதனால் குறைவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். முன்பல்லின் முகப்பில் எனாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். பல்லின் உயிர் அதற்கும் உள்ளே, வெகு ஆழத்தில் இருக்கிறது. இப்படி வைக்கிற கல்லால் பல் சாகாது. இதை அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

அடுத்தது தோழி செய்தது. இதில்தான் எனக்கு உண்மையான கவலை. ஜாக்கெட் கல் துணிக்காகச் செய்தது. மலிவான கல்லில் பளபளப்புக்காகக் கண்ணாடியோடு ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். பின்பக்கம் வெள்ளி நிறப் பூச்சு வேறு இருக்கும், சிலவற்றில் இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் உருகும் பசையும் இருக்கும். இதையெல்லாம் இரவும் பகலும் எச்சிலில் ஊறவிடக் கூடாது. செருப்பு ஒட்டுகிற உடனடிப் பசையை வாய்க்குள் கொண்டுபோகவே கூடாது. ஈரம் பட்டதும் அது சூட்டோடு இறுகும், ஈறில் வழிந்தால் புண்ணாக்கும். அறுவை சிகிச்சையில் தோலை ஒட்டவும் பசை உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது மருத்துவத்துக்கென்றே செய்யப்படும் வேறு வகை, கடையில் கிடைக்கும் குழாய்க்குள் இருப்பது அது இல்லை.

என்னிடம் ஒரு கல்லூரிப் பெண் வந்தார். தோழிகள் சேர்ந்து இப்படித்தான் ஒட்டியிருந்தார்கள். ஒட்டும்போது ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கல் ஈறை ஒட்டி உட்கார்ந்துவிட்டது, அதன் மேல் விளிம்பில் தினமும் சோறு தங்கியது, ஈறு வீங்கிப் பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம். பயந்துபோய் ஊக்கால் நெம்பியிருக்கிறார். கல்லோடு பல்லின் ஒரு செதிலும் வந்துவிட்டது. எனாமலுக்கு மறுபடி வளரும் சக்தி கிடையாது. அதை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. அந்த இடத்தைப் பல் நிறப் பிசினால் அடைத்துக் கொடுத்தேன், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வயதில், ஒரு குறையும் இல்லாத பல்லில், அந்த அடைப்புக்குத் தேவையே இருந்திருக்கவில்லை. இன்றும் எனக்கு அது வருத்தம்தான். அதனால் உங்கள் தோழியையும் கூட்டிக்கொண்டு ஒரு பல் மருத்துவரிடம் போங்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது இதுவரைக்கும்தான்.

அழகுநிலையத்தில் வைக்கலாமா என்று வேறு பலர் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். கல் ஒட்டுவது கைத்திறன், அதை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒட்டப்போகும் பல்லில் ஆரம்பச் சொத்தை இருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். சொத்தையை மூடிக் கல் வைத்தால் அது உள்ளே சத்தமில்லாமல் வளரும். நகத்துக்குப் பயன்படுத்திய இடுக்கி வாய்க்குள் வந்தால் மஞ்சள்காமாலைக் கிருமியும் கூடவே வரலாம். எங்கள் கருவிகளை 121 டிகிரி நீராவி அழுத்தத்தில் 15 நிமிடம் வைத்துத்தான் எடுக்கிறோம். சட்டப்படி பல் மருத்துவம் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

எல்லாருக்கும் வைக்கலாமா என்றால், இல்லை. ஈறில் ரத்தம் வருகிறவர்கள் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பீங்கான் உறை போட்ட பல்லில் இந்த அமில முறை வேலை செய்யாது. திருப்பத்தூர் தாண்டிக் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை இருந்தால் அமிலம் சரியாகப் பிடிக்காது, கல் சீக்கிரம் விழும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள், கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறதே, அவர்கள் மலிவு உலோக வடிவங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

மணப்பெண்ணுக்கென்று ஒரு விஷயம். பல்லை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கல்லுக்கு முன்பே செய்துவிடுங்கள். பிறகு இரண்டு வாரம் விட்டுக் கல் வையுங்கள், வெளுத்த உடனே ஒட்டினால் பிசின் நன்றாகப் பிடிக்காது. கல் வைத்த பிறகு வெளுத்தால் கல்லுக்கு அடியில் மட்டும் பழைய நிறம் நிற்கலாம், எடுக்கும் நாளில் ஒரு புள்ளி தெரியலாம்.

இடம் நீங்கள் சொன்ன பல்லே நல்லது. பேசும்போதும் சிரிக்கும்போதும் பளிச்சென்று தெரியும். ஈறிலிருந்து தள்ளி, கடிக்கும் விளிம்பிலிருந்தும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மில்லிமீட்டர் கல்லே போதும், பெரிய கல் உதட்டை உரசிக்கொண்டே இருக்கும். முதல் ஒரு நாள் முறுக்கு, கரும்பு வேண்டாம். விருந்தில் ஆம்பூர் பிரியாணி தாராளமாகச் சாப்பிடுங்கள், எலும்பை மட்டும் அந்தப் பக்கத்துப் பல்லால் கடிக்காதீர்கள். தேய்க்கும்போது மென்மையான பிரஷ்ஷால் கல்லின் விளிம்பைச் சுற்றித் தினமும் இரண்டு வேளை. அதை விட்டுவிட்டால் கல்லைச் சுற்றி வெள்ளை வளையம் விழும், அதுதான் சொத்தையின் தொடக்கம்.

சில மாதத்தில் விழுந்தாலும் விழும், ஒரு வருஷத்துக்கு மேல் நின்றாலும் நிற்கும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். புரையேறி இருமல் நிற்காமல் வந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடுக்க வேண்டும் என்று தோன்றினால் ஊக்கு, பிளேடு எதையும் தொடாதீர்கள். கம்பி எடுக்கும் இடுக்கியால் நாங்கள் எடுத்து, மிச்சப் பிசினைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுப்போம்.

அப்புறம் பாட்டியின் வைரம். மூக்குத்தி வைரத்தின் அடிப்பாகம் கூம்பாக இருக்கும், பல்லில் உட்காராது. தட்டையான தங்க அடித்தளம் செய்து அதில் பதித்து ஒட்ட முடியும்தான். ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது கழன்று சோற்றோடு உள்ளே போனால், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் மனசு தாங்காது. பாட்டியின் கல்லை முகூர்த்தத்தன்று மூக்கில் போட்டுக்கொள்ளுங்கள். பல்லுக்கு ஈயம் கலக்காத சின்னக் கண்ணாடிக் கல் போதும். வரும்போது அம்மாவையும் அழைத்து வாருங்கள், ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.