துமிளை என்றால் என்ன?

வணக்கம் நேயர்களே. பக்கத்தில் பேனாவும் ஒரு துண்டுத் தாளும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரலே போதும். ஒரு சொல் சொல்கிறேன், பொருள் சொல்லுங்கள். துமிளை.

அகராதியைத் தேடிப் போக வேண்டாம், அது நான் உட்கார்ந்து செய்த சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேருக்குச் சொல் விளையாட்டு நடத்துகிறேன், அங்கேதான் இதை முதலில் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி கொஞ்சமும் யோசிக்காமல், வயல் வரப்பில் முளைக்கிற கீரை என்றாள். இன்னொருவன், இல்லை இல்லை, அது மண்சட்டி, எங்கள் பாட்டி வீட்டில் இருக்கிறது என்று சத்தியமே செய்துவிட்டான்! சரி என்று அதே மூன்று எழுத்தைத் திருப்பிப் போட்டு, "ளைமிது என்றால் என்ன?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அது என்ன பாஷை சார் என்றார்கள்.

இலக்கணம் படிக்காத பிள்ளைகள் இவர்கள். ஆனால் 18 மெய்யெழுத்தில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய 8 எழுத்துகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது அவர்கள் காதுக்குத் தெரிந்திருக்கிறது. ராமனை இராமன் என்றும் ரங்கனை அரங்கன் என்றும் எழுதினார்களே, அது இதனால்தான். இப்போது லட்டும் ரவையும் டீயும் இல்லாமல் நமக்குப் பொழுது விடிவதில்லை, அது வேறு விஷயம். ஆனால் 'ளை'யில் தொடங்குகிற சொல்லை இன்றைக்கும் நாக்கு ஒத்துக்கொள்வதில்லை.

துமிளையை இன்னும் விட்டுவிடாதீர்கள். கடைசி எழுத்தை எடுத்தால் துமி, நீர்த்துளி. நடு எழுத்தை எடுத்தால் துளை. முதல் எழுத்தை எடுத்தால் மிளை, பழைய காலத்தில் கோட்டையைச் சுற்றி வளர்த்த காவற்காடு. மொத்தமாகப் பார்த்தால் இல்லாத சொல், ஆனால் எந்த எழுத்தை எடுத்தாலும் இருக்கிற சொல். இது கிடைத்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

துமி என்றதும் அந்தக் கதை உங்களில் பலருக்கு ஞாபகம் வந்திருக்கும். கம்பர் துமி என்று பாடியதும், அப்படி ஒரு சொல்லே கிடையாது, நீங்களாகக் கட்டிய சொல் என்று ஒட்டக்கூத்தர் மடக்கினாராம். சாட்சி தேடி இடையர் தெருவுக்குப் போனால், அங்கே மோர் கடைந்துகொண்டிருந்த ஒரு பெண் பிள்ளைகளைப் பார்த்து, தள்ளி நில்லுங்கள், மோர்த்துமி தெறிக்கும் என்றாளாம். கலைமகளே அந்த வேடத்தில் வந்தாள் என்று முடிப்பார்கள். காதுவழி வந்த கதைதான், ஆனாலும் சொல் உண்டா இல்லையா என்று பார்க்க வீதிக்குப் போனார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

இந்த எழுத்தெடுப்பு விளையாட்டுக்கு நல்ல சொல் கிடைப்பதுதான் கஷ்டம். குதிரை அற்புதமான சொல்: குதி, குரை, திரை. கவிதை அதைவிட அழகு, கவி, கதை, விதை என்று மூன்றும் ஒரே குடும்பம் மாதிரி வரும். ஆனால் குருவியை எடுங்கள். குரு வரும், குவி வரும், முதல் எழுத்தை எடுத்தால் மட்டும் 'ருவி' என்று நொண்டும். பலகையில் பல, பகை இரண்டும் சரி, லகை கிடையாது. எல்லாம் அந்த 8 எழுத்துகளின் வேலை. நடுவில் அவற்றில் ஒன்று உட்கார்ந்துவிட்டால் அந்தச் சொல்லைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

அந்தப் பலகையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். "மூன்றெழுத்து, மரத்தில் செய்தது, நடு எழுத்து போனால் விரோதம்" என்று ஒரு நாள் போட்டேன். எல்லோரும் பலகை என்று எழுத, ஒரு பெண் மட்டும் 'படகை' என்று எழுதியிருந்தாள். படகு மரத்தில் செய்ததுதானே, நடுவில் 'ட'வை எடுத்தால் பகை வருகிறதே! வேற்றுமை உருபு சேர்ந்த சொல் செல்லாது என்றேன். நீங்கள் அதை முதலிலேயே சொல்லவில்லையே சார் என்றாள். மதிப்பெண் கொடுத்தேன், வேறு வழி?

குறுக்கெழுத்துக் கட்டம் போடுகிறவர்களின் பாடு இன்னும் மோசம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, எங்கே வேண்டுமானாலும் இரண்டு சொற்கள் சந்தித்துக்கொள்ளும். நமக்கு 247. இங்கே 'கு' என்றால் அங்கேயும் அதே 'கு' வேண்டும், 'கூ' வந்தால் போச்சு. அப்புறம் புள்ளி எழுத்து. க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லில் தம் வரிசையைத் தவிர வேறொன்றைத் தமக்கு அடுத்து விடாது, பக்தி, சக்தி போன்றவை வடமொழியிலிருந்து வந்தவை. அதனால் ஒரு கட்டத்தில் 'க்' விழுந்தால் வலப்பக்கமும் ககர வரிசை, கீழேயும் ககர வரிசை. பெட்டியைப் பார்த்ததுமே பாதி விடை கையில் வந்துவிடும். போடுகிறவருக்குத் தலைவலி, நிரப்புகிறவருக்குக் கொண்டாட்டம்.

எங்கள் காலத்தில் பெரியவர்களுக்குப் புரியாமல் பேச, ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் ஒரு 'க' சேர்ப்போம். நான் வரேன் என்பது "கநா கன் கவ கரே கன்" ஆகிவிடும். 'நா'வை நாவாகவே வைத்துக்கொள்வோம், காலை மட்டும் தனியாகப் பிடுங்க எந்தக் குழந்தைக்கும் தோன்றாது. கணினிக்குத் தோன்றுகிறது. விகடகவி என்ற சொல்லை என் அக்கா மகன் ஒரு நிரலில் போட்டுத் திருப்பிக் காட்டினான். நமக்கு அது 5 எழுத்து, யூனிகோடு கணக்கில் 7 குறியீடு, ஏனென்றால் 'வி'யின் மேலே வளைகிற குறி அதற்குத் தனி. திருப்பியதும் முதலில் புள்ளி வட்டத்தில் தொங்குகிற ஒரு வளைவு, பின்னால் 'வகடகிவ'. சம்பந்தர் சீர்காழிக்கு ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார், எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் ஒன்றே. அதை இந்த நிரலில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பையன் மடிக்கணினியை மூடிவிட்டான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. மூன்றெழுத்து, தமிழ்நாட்டில் ஓர் ஊர். முதல் எழுத்து போனால் நம் தாத்தாக்கள் வெள்ளைக்காரரைக் கூப்பிட்ட பெயர். நடு எழுத்து போனால் திருகாணியைச் சுற்றியிருக்கும். கடைசி எழுத்து போனால் குடிக்கலாம், வீட்டில் திட்டு விழும். வேற்றுமை உருபு கூடாது, இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டேன்.